வழுவும் வழுவமைதியும்

இலக்கணம் வல்லார் தொடர்களை மூவகைப்படுத்துவர். இலக்கண நெறியிற் பிறழாது நிற்பது வழாநிலை. பிறழ்ந்து நிற்பது வழு. பிறழ்ந்து நின்றும், உவப்பு முதலாய தக்க காரணம் பற்றிச் சான்றோரால் ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. தான் வளர்க்கும் பசுவை ஒருவன் அன்பு மிகுதியால் அம்மை என்றழைத்து, உயர்திணை முடிபு கொடுத்துப் பேசுவானாயின், அதனைப் பிழையென்று எவரும் திருத்துவதில்லை. இம்மூன்றனுள் வழு என்னும் சொல்லை நம் நாட்டுக் கணினிக் கல்வியாளர் தம் துறைக்கு எடுத்துக்கொண்டனர். கணினிக்கு இடும் கட்டளைத் தொகுதியைச் செய்நிரல் என்றும், அதில் நேரும் பிழையை வழு என்றும் நம் பாடசாலை நூல்கள் வழங்குகின்றன. வழுவமைதி என்னும் சொல் அத்துறையில் அவ்வாறு வழங்கவில்லை. ஆயினும் கணினியின் வரலாற்றை உற்று நோக்குமிடத்து, அச்சொல்லுக்கும் அங்கே வேலை உண்டென்பது புலனாகும். ஓரிடத்தில் ஒழுங்காக ஓடிய செய்நிரல் வேறொரு கணினியில், அல்லது அதே கணினிமொழியின் வேறொரு பதிப்பில், ஏன் இடறி விழுகின்றது என்னும் வினாவே இன்றைய பேச்சின் பொருளாகும்.

கணினித் துறையில் நூலகம் என்பது ஏடுகள் அடுக்கிய மண்டபம் அன்று. பலரும் திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய ஒரு வேலைக்குரிய கட்டளைகளை ஒருவர் ஒருமுறை செவ்வனே எழுதிவைப்பின், ஏனையோர் அவற்றை எடுத்துத் தம் செய்நிரலில் இணைத்துக்கொள்ளலாம். அவ்வாறு எழுதிவைத்த பகுதிகளின் தொகுதியே நூலகம் எனப்படும். இவ்வழக்கத்தின் தொடக்க காலத்தை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் காணலாம். மொரிஸ் வில்க்ஸ் என்பார் தலைமையில் அங்கே அமைக்கப்பட்ட எட்சாக் என்னும் கணினி 1949ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி முதன்முதலாகத் தன் கணக்கைச் செய்து முடித்தது. அடிக்கடி வேண்டப்படும் கணக்குகளுக்குரிய பகுதிகளைத் துளையிட்ட காகித நாடாக்களிற் பதித்து அங்குள்ளோர் சேமித்து வைத்தனர். வேண்டியவர் வேண்டிய நாடாவைப் பிரதி செய்து தம் நாடாவோடு சேர்த்துக்கொண்டனர். டேவிட் வீலர், ஸ்டான்லி கில் ஆகிய இருவரோடுங் கூடி வில்க்ஸ் 1951இல் வெளியிட்ட நூல் இம்முறையை உலகறியச் செய்தது. தம் எஞ்சிய வாழ்நாளில் ஒரு நல்ல பங்கு தம்முடைய செய்நிரல்களிலுள்ள பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகின்றது என்னும் உண்மை அந்நாளிலேயே தமக்கு உறைத்ததென்று வில்க்ஸ் பிற்காலத்தில் எழுதினார்.

எட்சாக் ஒன்றே, அதன் நூலகமும் ஒன்றே. ஆங்கே பிழை நேரின், அது எழுதியவர் பிழையாகவோ பொறியின் பழுதாகவோ இருத்தல் வேண்டும். பிற்காலத்தில் நூலகங்கள் பல்வகைப் பொறிகளுக்கும் பயணஞ் செய்யத் தொடங்கியபோது மூன்றாவது வகைப் பிழையொன்று பிறந்தது. எழுதியவர் தவறு செய்யவில்லை, பொறியும் பழுதுபடவில்லை, இருவரும் சொல்லாமலே மனத்திற் கொண்டிருந்த வழக்கங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இப்பிழையைத் தேடுவோர் பெரும்பாலும் தவறான இடத்திலேயே தேடுகின்றனர். அதன் பிறப்பிடம் செய்நிரலில் இல்லை, வரலாற்றில் இருக்கின்றது.

கட்டளைவரி என்பது யாதென்று ஈண்டு ஒரு சொல் கூறவேண்டும். திரையிலுள்ள படங்களை விரலால் தொட்டுக் கணினியை ஏவுவதே இன்றைய இளைஞர் பலர் அறிந்த முறை. அதற்கு முன்னே, ஏவவேண்டியதை ஒரு வரியாக எழுதிக் கொடுக்கும் முறை இருந்தது. அறிவியலாளர், செய்நிரலாளர், பெருங் கணினிகளைப் பராமரிப்போர் ஆகியோரிடையே அது இன்றும் உயிரோடிருக்கின்றது. முதலில் செய்யவேண்டிய வேலையின் பெயர், அதன்பின் விருப்பத் தெரிவுகள், அதன்பின் கோப்புகளின் பெயர் என்றவாறு அவ்வரி அமையும். அவ்வரியைப் பிரித்துப் பொருள் கொள்ளுதலும், விடையைத் திரையில் எழுதுதலும் கட்டளைவரி நூலகங்களின் தொழில். அவை மனிதனுக்கும் பணிசெயல் முறைமைக்கும் நடுவே நிற்பன. ஆதலின் இரு புறத்துப் பழைய வழக்கங்களும் வந்து மோதுமிடம் அவையே.

அவற்றுள் முதலாவது வழக்கம் ஒரு வரி எங்கே முடிகின்றது என்பது. கேட்பதற்கு அற்பமான வினா. எனினும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அது கணினியாளரை அலைக்கழித்து வருகின்றது. 1963இல் அமெரிக்க நியமச் சங்கம் எழுத்துகளுக்கு எண் வழங்கும் ஒரு நியமத்தை வெளியிட்டது. ஆஸ்கி என்பது அதன் பெயர். அதில் 128 இடங்கள் உண்டு. எழுத்துகளும் குறிகளும் போக, தொலைதட்டச்சுப் பொறியை இயக்குதற்குரிய கட்டளைகளும் அவற்றுள் அடங்கும். 13ஆம் எண் அச்சிடும் வண்டியை இடப்பக்கத்துக்கு மீட்டுக் கொணரும் கட்டளை. 10ஆம் எண் காகிதத்தை ஒரு வரி மேலே தள்ளும் கட்டளை. அக்காலத்தில் பரவிய மாதிரி 33 என்னும் தொலைதட்டச்சுப் பொறி ஒரு விநாடிக்குப் பத்தெழுத்து அடிக்கும். வரியின் வலக்கோடியிலிருந்து வண்டி இடப்பக்கம் மீள்வதற்கு ஓரெழுத்து அடிக்கும் நேரம் போதாது. முதலில் வண்டியை மீளச் செய்து, அது மீண்டுகொண்டிருக்கையிலேயே காகிதத்தைத் தள்ளினால் நேரம் வீணாகாது. ஆகவே வரிமுடிவுக்கு இரு கட்டளைகள் வேண்டியதாயின.

பொறி மறைந்தது, வழக்கம் மறையவில்லை. பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் 1969இல் தொடங்கிய யூனிக்ஸ் என்னும் முறைமை, மல்டிக்ஸ் என்ற முன்னோடியைப் பின்பற்றி, வரிமுடிவுக்கு 10ஆம் எண் ஒன்றே போதுமென்று கொண்டது. வண்டியை மீட்பது பொறியை இயக்கும் பகுதியின் கடமையென்று அவர்கள் கருதினர். 1974இல் கேரி கில்டால் ஆக்கிய சீபீஎம் என்ற முறைமையோ 13, 10 என்ற இரண்டனையும் கோப்பிலேயே எழுதியது. 1981இல் வந்த மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் டொஸ் முறைமை அவ்வழியே சென்றது. அதன் வழித்தோன்றலாகிய விண்டோசும் அவ்வழக்கத்தையே உடைமையாகப் பெற்றது. 1984இல் வெளிவந்த மக்கிந்தோஷ் 13ஆம் எண்ணை மட்டும் கொண்டு, பின்னர் 2001இல் புதிய முறைமைக்கு மாறியபோது யூனிக்சின் வழக்கத்தைத் தழுவியது. இம்மூன்றும் தத்தம் வீட்டில் வழாநிலையே. ஒன்று மற்றொன்றின் வீட்டுக்குச் செல்லும்போது வழுவாகின்றது.

இதனால் விளையும் இடர் ஒன்றைக் கேளுங்கள். யூனிக்ஸ் மரபினதாகிய லினக்சில், ஒரு செய்நிரற் கோப்பின் முதல் வரி தன்னை எந்த மொழிபெயர்ப்பானிடம் ஒப்படைக்கவேண்டும் என்று கூறும். விண்டோசில் எழுதிய அத்தகைய கோப்பொன்றை லினக்ஸ் கணினிக்குக் கொண்டுசென்று இயக்கின், பைதன் என்ற மொழிபெயர்ப்பான் அங்கே இல்லை என்று சில வேளைகளில் விடை வரும். அது இருக்கின்றது என்பதைக் கண்ணாரக் காண்கின்றோம். கணினியோ இல்லை என்கின்றது. யாது காரணம்? வரியின் ஈற்றில் நின்ற 13ஆம் எண்ணையும் பெயரின் ஒரு பகுதியென்று லினக்ஸ் கொண்டுவிட்டது. பைதன் என்ற பெயரோடு கண்ணுக்குத் தெரியாத ஓரெழுத்துச் சேர்ந்த ஒன்றை அது தேடிற்று. அப்பெயருடையது எதுவும் அங்கே இல்லாமையால் அது கூறிய விடை முற்றிலும் உண்மையே. ஐம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓர் அச்சுவண்டியின் ஓட்டம் இன்றைய இளைஞன் ஒருவனின் மாலைப்பொழுதைக் கொள்ளைகொண்டது.

இரண்டாவது வழக்கம் சாய்கோடு பற்றியது. கோப்பகத்தின் பெயரையும் கோப்பின் பெயரையும் பிரிக்க யூனிக்ஸ் வலப்பக்கம் சாயும் கோட்டை வழங்கியது. டொஸ் முறைமையின் முதற் பதிப்பில் உட்கோப்பகங்களே இல்லை. வலச்சாய்கோடு அங்கே விருப்பத் தெரிவுகளைக் குறித்தது. 1983இல் வந்த இரண்டாம் பதிப்பு உட்கோப்பகங்களைக் கொணர்ந்தபோது அக்குறி ஏற்கெனவே வேறு வேலையில் அமர்ந்திருந்தமையால், இடப்பக்கம் சாயும் கோடு பிரிகுறியாயிற்று. யூனிக்ஸ் மரபில் தோன்றிய மொழிகளிலோ இடச்சாய்கோடு அடுத்துவரும் எழுத்தின் இயல்பை மாற்றும் குறியாகும். ஆகவே விண்டோசின் கோப்புப் பாதையொன்றை அம்மொழிகளில் அப்படியே எழுதினால், இடையிலுள்ள எழுத்துகள் சில வேறு பொருள் கொண்டு மறைந்துபோகும்.

இதனோடொத்த மற்றொன்று உடுக்குறி. எல்லாக் கோப்புகளும் என்பதைக் குறிக்க ஓர் உடுக்குறியை இடுவது இரு மரபுக்கும் பொது. ஆயின் யூனிக்சில் அக்குறியை விரித்துப் பெயர்ப் பட்டியலாக்கிக் கொடுப்பது கட்டளையைப் பெறும் வாயில். விண்டோசில் வாயில் அதனைத் தொடாது உள்ளே விடுகின்றது. விரித்தல் செய்நிரலின் கடமை. லினக்சில் மட்டும் பழகிய ஒருவர் எழுதிய செய்நிரல் விண்டோசில் உடுக்குறியையே ஒரு கோப்பின் பெயரென எண்ணித் தேடித் தோற்கும். இக்குறையைத் தீர்க்க விரும்பிய கிளிக் என்னும் பைதன் நூலகம், 2021இல் வந்த 8.0 பதிப்பில், விண்டோசில் அக்குறியைத் தானே விரித்துக் கொடுக்கத் தொடங்கியது. உடனே வேறு சிலர் இடருற்றனர். அவர்கள் உடுக்குறியை உடுக்குறியாகவே உள்ளே அனுப்ப எண்ணியிருந்தவர்கள். அடுத்த சிறு பதிப்பிலேயே அவ்விரிவை நிறுத்திவைப்பதற்கும் ஒரு வழி செய்யவேண்டியதாயிற்று. ஒரு வழுவை நீக்கிய மருந்து மற்றொருவர்க்கு வழுவாக முடிந்தது.

மூன்றாவது வழக்கம் எழுத்துப் பற்றியது. தமிழராகிய நம்மை நேரே தொடுவது இதுவாகும். ஆஸ்கியின் 128 இடங்களுள் ஆங்கில நெடுங்கணக்குக்கு இடமுண்டு, தமிழுக்கு இல்லை. பிற மொழியினர் தத்தமக்கு வேண்டிய எழுத்துகளை மேலும் 128 இடங்களில் வெவ்வேறாக அமைத்துக்கொண்டனர். ஒரே எண் ஓரூரில் ஓரெழுத்தாகவும் மற்றோரூரில் வேறெழுத்தாகவும் வழங்கியது. இக்குழப்பத்தைத் தீர்க்க எழுந்த ஒருங்குகுறியின் முதற் பதிப்பு 1991இல் வெளிவந்தது. இந்தியாவின் 1988ஆம் ஆண்டு நியமத்தைத் தழுவித் தமிழும் அதில் இடம்பெற்றது. அவ்வெண்களைக் கோப்பில் எழுதும் முறைகளுள் இன்று மிகப் பரவியுள்ள யூடிஎப் எட்டு என்பதை முன்கூறிய கென் தொம்சனும் ரொப் பைக்கும் 1992 செப்டெம்பரில் வகுத்தனர்.

தமிழ் என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள் என்று ஒரு மாணவனைக் கேட்டால், த, மி, ழ் என மூன்று என்பான். ஒருங்குகுறி மிகரத்தை மகரமும் இகரக் குறியுமாகவும், ழகர மெய்யை ழகரமும் புள்ளியுமாகவும் பிரித்து எண்ணுவதால் ஐந்து என்னும். யூடிஎப் எட்டு முறையில் அவ்வைந்தும் ஒவ்வொன்றும் மும்மூன்று எண்ணாக எழுதப்படுவதால் கோப்பில் அது பதினைந்து. மூன்று, ஐந்து, பதினைந்து என்னும் இம்மூன்று விடைகளும் சரியே. எந்தச் செய்நிரல் எதனை எண்ணுகின்றது என்பதை அறியாதவிடத்தே வழு பிறக்கின்றது.

பைதன் என்னும் கணினிமொழியை நெதர்லாந்தினரான கைடோ வான் ரொசும் 1991இல் வெளியிட்டார். அம்மொழியின் இரண்டாம் வரிசைப் பதிப்புகளில் எழுதப்பட்ட உரையும், அவ்வுரையின் எண்வடிவமும் ஒன்றோடொன்று கலந்து வழங்கின. வேண்டுமிடத்து ஒன்றை மற்றொன்றாக மொழி தானே மாற்றிக்கொள்ளும். அவ்வாறு மாற்றுங்கால் ஆஸ்கியையே அளவாகக் கொள்ளும். விளைவு யாதெனில், ஆங்கிலப் பெயர்களை இட்டுச் சோதித்தபோது செய்நிரல் வழாநிலையாக ஓடும். தமிழ்ப் பெயர் ஒன்று உள்ளே வந்தவுடன் நின்றுவிடும். பிழை எழுதிய அன்றே அங்கே இருந்தது. அதனைக் காணவேண்டியவர் கண்ணிற் படவில்லை. இது ஒட்டுப் போட்டுத் தீரும் குறை அன்று என்பதைக் கண்ட அம்மொழியினர், 2008 டிசெம்பர் 3ஆந் திகதி மூன்றாம் வரிசையை வெளியிட்டு, உரை வேறு, எண்வடிவம் வேறு என்று வரையறுத்தனர். பழைய செய்நிரல்கள் பல அதனால் ஓடாமற் போகும் என்பதை அறிந்தே செய்தனர். பழைய வரிசைக்கும் 2020 சனவரி முதல் நாள் வரை ஆதரவளித்து, மாறுவதற்குக் காலமும் கொடுத்தனர். வழுவை வழு என்றே கொண்டு களைந்த செயல் இது.

களைந்த பின்னும் முறைமைகளின் வேற்றுமை நின்றது. விண்டோசின் கட்டளைத் திரையில் தமிழை எழுத முயன்ற பைதன் செய்நிரல்கள் பன்முறை இடறின. ஏனெனில் அத்திரை பழைய 256 இட அட்டவணையொன்றையே எதிர்பார்த்தது. 2016 டிசெம்பரில் வந்த 3.6 பதிப்பு திரைக்குரிய குறையைத் தீர்த்தது. ஆயின் அதே விடையைத் திரைக்கு அனுப்பாது கோப்புக்குத் திருப்பினால் பழைய அட்டவணையே மீண்டும் குறுக்கிட்டது. திரையில் தெரிவது கோப்பில் விழாமையைக் கண்டு திகைத்தோர் பலர். லினக்சிலும் வேறொரு வகையில் இடர் இருந்தது. மொழி அமைப்பு எதுவும் குறிக்கப்படாத கணினியில் பைதன் மூன்று அந்நாளில் ஆஸ்கியையே கொண்டு இயங்கியது. முன்கூறிய கிளிக் நூலகம் அந்நாளில் அத்தகைய சூழலைக் கண்டபோது மேலே செல்ல மறுத்து, காரணத்தை விரிவாக எழுதிக் காட்டி நின்றுவிட்டது. பலர் அதன்மேற் சினங்கொண்டனர். எழுத்துகளைச் சிதைத்துவிட்டு மௌனமாக இருத்தலினும் வாயிலில் நின்று உரத்துச் சொல்லுதல் நன்றென்பது அதனை ஆக்கியோர் கருத்து. 2018இல் வந்த 3.7 பதிப்பு அச்சூழலில் யூடிஎப் எட்டைத் தானே தெரிந்துகொண்டது.

நான்காவதாக, முறைமை மாறாமல் மொழியின் பதிப்பு மட்டும் மாறியபோது நேர்ந்த ஒன்றைக் கூறுவேன். கட்டளைவரியைப் பிரித்தறிய ஆர்க்பாஸ் என்ற நூலகம் பைதனோடு சேர்ந்தே வருகின்றது. ஒரு கட்டளைக்குள் சேர், நீக்கு, காட்டு என்பன போன்ற துணைக் கட்டளைகளை அமைக்க அதில் வழியுண்டு. பயன்படுத்துவோர் துணைக் கட்டளை எதனையும் கொடாது விட்டால், பழைய பதிப்புகள் போதிய விவரம் இல்லை என்று எச்சரித்து நிற்கும். 2012இல் வந்த 3.3 பதிப்பில் வேறொரு பகுதியைச் சீர்செய்யப் புகுந்தபோது இவ்வெச்சரிக்கை எவரும் எண்ணாமலே மறைந்தது. துணைக் கட்டளை இன்றியமையாதது என்ற நிலை மாறி, இல்லாவிடினும் ஆகும் என்றாயிற்று. பழைய பதிப்பை நம்பி எழுதிய செய்நிரல்கள், எச்சரிக்கைக்குப் பதிலாக, தமக்கே விளங்காத வேறொரு பிழைச் செய்தியைக் கக்கி வீழ்ந்தன.

இது வழுவென்பதில் ஐயமில்லை. ஆயின் உடனே திருத்தப்பட்டதா? இல்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல, துணைக் கட்டளை இன்றியும் இயங்கும் செய்நிரல்களைப் பலர் எழுதிவிட்டனர். பழைய நிலையை மீட்டால் அவர்களுடையவை முறியும். 2018இல் வந்த 3.7 பதிப்பு ஒரு நடுவழியைக் கண்டது. துணைக் கட்டளை கட்டாயம் வேண்டும் என்போர் அவ்வாறு ஒரு சொல்லால் வெளிப்படையாகக் கூறலாம். கூறாவிடின் கட்டாயம் இல்லை என்றே கொள்ளப்படும். தற்செயலாக நேர்ந்த பிழை இவ்வாறு நியதியாக நிலைபெற்றது. இதனையே கணினியுலகின் வழுவமைதி என்கின்றேன். இன்னும் சிறியதோர் எடுத்துக்காட்டும் உண்டு. அதே நூலகம் தன் உதவிக் குறிப்பில் ஒரு தலைப்பின் சொற்களை 2021இல் வந்த 3.10 பதிப்பில் மாற்றியது. பொருள் திருந்தியது. எனினும் அக்குறிப்பை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுச் சோதித்த செய்நிரல்கள் பல தோல்வி காட்டின. வெளியே தெரியும் எதன்மேலும் எவரேனும் ஒருவர் சாய்ந்துகொண்டிருப்பர் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, இத்தகைய வழுவைத் தேடும் முறை யாது? ஒரு பாடசாலையின் புள்ளிப் பட்டியலைக் காற்புள்ளியாற் பிரித்த அட்டவணையாக எழுதும் பைதன் செய்நிரல் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். லினக்சில் அது குறைவின்றி எழுதுகின்றது. விண்டோசிலோ ஒவ்வொரு மாணவர் பெயருக்கும் அடுத்து ஒரு வெற்றுவரி தோன்றுகின்றது. வெற்றுவரிகளை ஒவ்வொன்றாக அழித்துவிடுவோர் உளர். அது நோயை விட்டு வியர்வையைத் துடைத்தலை ஒக்கும். ஆய்வாளர் செய்வது வேறு. முதலிற் பட்டியலை ஒரு மாணவர் பெயராகக் குறுக்குவார். அப்போதும் பிழை தோன்றுகின்றதா என்று பார்ப்பார். எந்த முறைமை, எந்தப் பதிப்பு என்பதைக் குறித்துக்கொள்வார். பின்னர் கோப்பைத் திரையிற் பாராது, அதன் எண்களை எடுத்து எண்ணுவார். வரியின் ஈற்றில் 13, 10 என இரண்டு இருக்கவேண்டியவிடத்து 13, 13, 10 என மூன்று இருக்கக் காண்பார்.

மிகையான 13ஐ இட்டவர் யார்? அட்டவணை நூலகம் தன் வழக்கப்படி 13, 10 என்று எழுதியது. விண்டோசில் உரைக்கோப்பை எழுதும் பகுதி, 10ஐக் காணுமிடமெல்லாம் அதற்கு முன்னே ஒரு 13ஐச் சேர்ப்பது தன் கடமையென்று சேர்த்தது. ஒவ்வொருவரும் தம் கடமையைச் சரியாகவே செய்தனர். இரு சரிகள் சேர்ந்து ஒரு பிழையாயின. பைதன் இரண்டில் இதற்கு மருந்து, கோப்பை உரையாகத் திறவாது எண்வடிவாகத் திறப்பது. அம்மருந்தையே பைதன் மூன்றிற் கொடுத்தால் செய்நிரல் அறவே நின்றுவிடும். உரையை எண்வடிவக் கோப்பில் எழுதலாகாதென்று அங்கே விதித்துவிட்டனர் அன்றோ! மூன்றாம் வரிசையில், வரிமுடிவைத் தொடாதே என்று கோப்பைத் திறக்கும்போதே கட்டளையிடவேண்டும். பழைய நூலிற் படித்த உண்மை மருந்து புதிய பதிப்பில் நஞ்சாயிற்று. பதிப்பின் எண்ணைக் குறியாது கூறும் அறிவுரை, ஆண்டு குறியாத சாசனத்தைப் போன்றது.

பல பிரதிகளை ஒப்புநோக்கி வேற்றுமை எங்கே தொடங்கியது என்று காணும் இம்முறை நமக்குப் புதிதன்று. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது ஏட்டுப் பிரதிகளைத் தேடித் தொகுத்து அவற்றின் பாடங்களை ஒப்பிட்டே உழைத்தார். செய்நிரலாளரும் தம் நூலகத்தின் ஒவ்வொரு மாற்றத்தையும் பிரதியாகச் சேமித்து வைக்கின்றனர். ஆயிரம் மாற்றங்களுள் எது பிழையைக் கொணர்ந்தது என அறிய ஆயிரத்தையும் சோதிக்க வேண்டுவதில்லை. நடுவிலுள்ள ஒன்றைச் சோதித்தால் பாதி கழியும். மீண்டும் நடுவைச் சோதித்தால் எஞ்சியதிற் பாதி கழியும். இவ்வாறு ஏறத்தாழப் பத்துச் சோதனைகளிற் குற்றமுடைய மாற்றம் அகப்படும். லினுஸ் டோர்வல்ட்ஸ் 2005இல் ஆக்கிய கிட் என்னும் சேமிப்பு முறையில் இத்தேடலுக்கெனவே ஒரு கட்டளை உண்டு. அம்மாற்றத்தைக் கண்டபின் கேட்கவேண்டிய வினா, அதனை எழுதியவர் எதனை விரும்பி எழுதினார் என்பதாகும். காரணமின்றி நேர்ந்ததா, காரணம் இருந்து மறைந்ததா, இன்றும் காரணம் உளதா என்று அறியாமல் திருத்தப் புகுவோர் ஒன்றைக் கட்டி ஒன்றை இடிப்பர்.

இதுவரை கூறியவற்றால், எல்லா வழுவையும் களைந்துவிடல் இயலாதென்பதும், எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளல் தகாதென்பதும் விளங்கும். அச்சுவண்டியின் நினைவாக நிற்கும் 13ஆம் எண் ஒரு வழுவமைதி. அதனால் எவரும் புறந்தள்ளப்படவில்லை. துணைக் கட்டளை பற்றிய வழக்கமும் அத்தகையது. ஆயின் ஆங்கிலப் பெயருக்கு வாயில் திறந்து தமிழ்ப் பெயருக்கு அடைத்த பைதன் இரண்டின் குறையை அமைதி கூறி விட்டிருப்பின் அது நீதியாகாது. பெருஞ் செலவிலும் அதனைக் களைந்தது முறையே.

களையப்படாது நிற்பனவும் உள. பைதனோடு வரும் சொற்கோலத் தேடல் நூலகத்திடம் ஓர் உரையிலுள்ள சொற்களை அதன் வழக்கமான சொற்குறியால் எடுத்துத் தரும்படி கேட்டால், தமிழ் என்ற சொல்லை அது தம என்றும் ழ என்றும் இரண்டாக வெட்டித் தரும். இகரக் குறியும் மெய்ப்புள்ளியும் அதன் கணக்கில் எழுத்துகள் அல்ல. இக்குறை 2011இலேயே அம்மொழியினர்க்கு அறிவிக்கப்பட்டது. தனியே பெறத்தக்க வேறொரு நூலகம் அதே சொல்லைச் சிதையாது தருகின்றது. ஆகவே இயலாத காரியம் அன்று. உதவிக் குறிப்புகளை நிரைப்படுத்தும் ஆர்க்பாசும் எழுத்தின் அகலத்தை அளவாது குறியீடுகளின் தொகையையே எண்ணுவதால், தமிழில் எழுதிய குறிப்பு நேர்நிற்காது கோணுகின்றது. நம் பிள்ளைகள் தமிழிற் செய்நிரல் ஆக்கப் புகும்போது முதலில் இடறுவது இத்தகைய கற்களிலேயே. தம் அறியாமையே காரணமென்று எண்ணி அவர்கள் விலகிச் செல்லுதல் கூடாது. பிழையின் எண்களை எண்ணி, பதிப்பைக் குறித்து, மிகச் சிறிய எடுத்துக்காட்டொன்றோடு உரியவர்க்கு அறிவிக்கும் பயிற்சியை அவர்க்கு நாம் அளித்தல் வேண்டும்.

பசுவை அம்மை என்றழைத்தலை இலக்கணம் அமைத்துக்கொண்டது, அதனால் எவர்க்கும் இழப்பில்லாமையால் அன்றோ? கணினியின் வழுக்களுக்கும் அதுவே அளவுகோலாதல் தகும். ஒரு வழுவை அமைதி என்று கூறி விட்டுவிடுமுன், அதனால் இடருறுவோர் எவர் என்று கேட்டறிதல் வேண்டும். அவர்களைக் கேளாது கூறப்படும் அமைதி வெறும் மறதியே ஆகும்.